உருளியில் ஊற்றிய தீர்த்தம்

என்னோடு சேர்ந்து பால்பல்லைப் பிடுங்கிக் கோயில் கூரைமேல் வீசிய கூட்டத்தில் பாதிப் பேர் இப்போது பேரன் பேத்தி எடுத்துவிட்டீர்கள். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வேப்பமரத்தடியில் நின்று பேசும்போது உங்களில் யாராவது ஒருவர், "எங்க பேரன் ஒரு சொல்லு கேக்க மாட்டேங்கிறான், அடிச்சாலும் அடங்க மாட்டேங்கிறான்" என்பீர்கள். அப்போதெல்லாம் எனக்கு ஒரு பேச்சு தொண்டை வரை வந்து நின்றுவிடும். நாலு பேர் நடுவில் பேசுவது எனக்கு அன்றும் வராது, இன்றும் வராது. அதனால் எழுதுகிறேன். கன்னியர் மடத்துப் பள்ளிக்கூடத்தில் படித்த தமிழ் இதற்குப் போதும் என்று நினைக்கிறேன்.

என் தங்கச்சியை அந்தோணியார் கோயிலுக்குக் கொண்டுபோக எங்கள் வீட்டு வாசலில் வண்டி பூட்டி நின்ற காலை உங்களுக்கு நினைவிருக்கும். நீங்கள் மாட்டுக்கொட்டத்துச் சுவர்மேல் வரிசையாக உட்கார்ந்து பார்த்தீர்கள். ஆனால் அந்தக் காலைக்கு முன்னால் எங்கள் வீட்டுக்குள் நடந்தது உங்களுக்குத் தெரியாது.

மலைக்கு மேலே வெள்ளைக்காரர்கள் ஆற்றை மறித்து அணை கட்டிக்கொண்டிருந்த வருடங்கள் அவை. தண்ணீர் இன்னும் நம் பக்கம் திரும்பவில்லை. ஊர் ஆண்களில் பலர் கல் உடைக்கவும் சுண்ணாம்பு சுமக்கவும் மேலே போனார்கள், குளிர்காய்ச்சலோடு இறங்கி வந்தார்கள். எங்கள் அய்யா அணை வேலைக்குப் போகவில்லை. எங்களுக்கு மாடுகள் இருந்தன. மாசி பிறந்து கீழே புல் கருகியதும் மாடுகளை மலைக்கு ஓட்டிக்கொண்டு போய்ப் பட்டி போடுவார். கூடவே எங்கள் நாய் போகும். கோம்பை நாய்தான், செவலை நிறம், மூஞ்சி மட்டும் கரி பூசியது போலிருக்கும். அய்யா பெற்ற பிள்ளைகளைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதைவிட அந்த நாயைக் கூப்பிட்டதுதான் அதிகம்.

அந்த வருடம் தபசுகாலம், அந்த நாற்பது நாள் நோன்பு, தொடங்கிய வாரத்தில் எங்களுக்குத் தம்பி பிறந்தான். அம்மா படுக்கையில் இருந்தாள். வீட்டை நடத்தியது அத்தை. அய்யாவுக்கு மூத்தவள், கணவனை இழந்தவள், ஊரில் எந்த வீட்டில் எது நடந்தாலும் தன்னைக் கேட்டுத்தான் நடக்க வேண்டும் என்று நினைப்பவள். பச்சைப்பிள்ளைக்காரிக்குத் தொந்தரவு இருக்கக்கூடாது என்று அய்யா எங்கள் இருவரையும் மலைப் பட்டிக்குக் கூட்டிக்கொண்டு போனார். எனக்கு ஒன்பது வயது. தங்கச்சிக்கு நாலு நடந்துகொண்டிருந்தது.

மலையில் இருந்த நாட்களை நினைத்தால் முதலில் புகைதான் வருகிறது. ஈரச் சாணியும் காய்ந்த இலையும் சேர்ந்து எரியும் புகை. கொசுவுக்காகப் பட்டியைச் சுற்றிப் போடுவார்கள். விடிந்ததும் மாட்டு முதுகில் பனி ஆவியாகப் பறக்கும். பட்டியைப் பார்த்துக்கொண்டிருந்தவர் கருப்பசாமியைக் கும்பிடுகிறவர். ஒருநாள் கல்லுக்கு முன்னால் சர்க்கரைப் பொங்கல் படைத்துவிட்டு எங்கள் இருவர் கையிலும் ஆளுக்கொரு உருண்டை வைத்தார். நாங்கள் தின்றோம். இதைக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் இதற்குத்தான் பெரிய பேச்சு வரப்போகிறது.

இன்னொன்றும் நடந்தது. அதைப் பற்றி யாரும் பேசவில்லை. பட்டிக்குக் கீழே ஒரு சுனை உண்டு. அந்த மாதத்தில் வற்றி, சருகு மிதந்து, தேயிலைச் சாறு போலக் கிடந்தது. அய்யா தண்ணீரைத் துணியில் வடித்துச் சுரைக்குடுக்கையில் ஊற்றி வைத்திருப்பார். "இதுலதான் குடிக்கணும்" என்று சொல்லியிருந்தார். நான் அப்படியே செய்தேன். தங்கச்சி, நாய் சுனையில் நாக்கை விட்டு நக்குவதைப் பார்த்தாள். உடனே அதன் பக்கத்தில் பாறைமேல் குப்புறப் படுத்து, மூக்கு முங்க முங்கத் தானும் நக்கிக் குடித்தாள். நாய் திரும்பி அவள் கன்னத்தை நக்கியது. அவள் சிரித்த சிரிப்பில் மரத்திலிருந்த குருவியெல்லாம் பறந்தது. நானும் சிரித்தேன். அவ்வளவுதான்.

கீழே இறங்கி வந்து கொஞ்ச நாளில் தங்கச்சி மாறிப்போனாள்.

அதற்கு முன்னால் அவள் எப்படிப்பட்ட பிள்ளை என்று உங்களுக்குத் தெரியும். யார் இடுப்பில் வைத்தாலும் போவாள். இப்போது தூக்கினால் கடித்தாள். முகம் கழுவப் போனால் கத்தினாள். சோற்றுக் கும்பாவைத் தட்டிவிட்டாள். பாயில் மல்லாக்கப் படுக்க மாட்டாள், சுவரில் சாய்ந்து உட்கார்ந்தே தூங்குவாள், தூங்கினவள் திடீரென்று தலையை உதறிக்கொண்டு அலறுவாள். மண்சுவரில் போய் நெற்றியை இடித்துக்கொள்வாள். எல்லாவற்றையும்விட மோசம், வீட்டில் தண்ணீர் இருந்த எந்தப் பாத்திரத்தையும் அவள் விட்டுவைக்கவில்லை. குடிக்கிற பானையானாலும் சரி, மாட்டுக்குக் கழுநீர் வைத்த தாழியானாலும் சரி, ஓடிப் போய் முகத்தை அதன்மேல் கவிழ்த்துக்கொண்டு நிற்பாள். அத்தை பின்னாலேயே விளக்குமாற்றோடு ஓடுவாள்.

"குடிக்கிற தண்ணி பூராம் எச்சி பண்ணிட்டாளே! ஏ சனியனே, இங்கன வா!"

ஏன் இப்படிச் செய்கிறாள் என்று வீட்டில் ஆளுக்கொரு காரணம் வைத்திருந்தார்கள். அய்யா, "செல்லம் குடுத்துக் கெடுத்தாச்சு, நாலு போடு போட்டாச் சரியாப் போகும்" என்றார். போட்டார். சரியாகவில்லை. அம்மாவுக்கு வேறு நினைப்பு. தம்பிக்குப் பால் கொடுக்கும்போதெல்லாம் வாசற்படியில் நிற்கும் தங்கச்சியைப் பார்த்து அழுவாள். "என் மடிய விட்டு இறக்கிட்டேன்ல, அந்த ஏக்கம்தான் பிள்ளைய வாட்டுது" என்பாள். ஒருநாள் மடியில் படுக்க வைத்து மூக்கைத் தூக்கிப் பார்த்தாள். காய்ந்த ரத்தம்தான் தெரிந்தது. நகத்தால் கீறிக்கொண்டாள் என்று நினைத்து நகத்தை வெட்டிவிட்டாள். எனக்கோ, அவளுக்கு என்னைப் பிடிக்காமல் போய்விட்டது என்று வருத்தம். எங்களிடம் இருந்த ஒரே துணிப் பொம்மையின் தலையைக் கடித்துத் துப்பியிருந்தாள். பருத்திக்கொட்டைக் கண் வைத்த பொம்மை. அப்படி ஒன்று பிறகு யாரும் செய்து கொடுக்கவில்லை.

அத்தை சொன்ன காரணம்தான் வீட்டை விட்டு வெளியே போனது. படையல் சோறு விஷயம் எப்படியோ அவள் காதுக்கு வந்துவிட்டது.

"எலே தம்பி, நம்ம பாட்டன் பூட்டன் ஞானஸ்நானம் வாங்கினதுலருந்து இந்த வீட்டுல யாரும் படையச்சோறு தொட்டதில்ல. தபசுகாலத்துல போயி, கருப்பனுக்கு வச்சதப் பிள்ளைக்குத் திங்கக் குடுத்திருக்க. உள்ள பசாசு போகாம என்ன செய்யும்?"

"மூத்தவளும்தானக்கா தின்னா? இவளுக்கு ஒண்ணும் ஆகலையே."

"இவ வாயத் தொறந்து பேசுனா உள்ள போகும். இவகிட்டதான் பேச்சே கெடையாதே!"

எல்லோரும் சிரித்தார்கள். நான் கதவுக்குப் பின்னால் போய் நின்றுகொண்டேன்.

நம் கோயிலுக்கு அப்போது பூசை வைக்கச் சாமியார் வருவது எப்போதாவதுதான். மற்ற நாட்களில் எல்லாம் உபதேசியார்தான். நல்ல மனிதர், கெட்டவர் இல்லை. மூக்குப்பொடி போடுவார், பாட்டு நன்றாகப் பாடுவார், நமக்குச் செப மந்திரங்களைச் சொல்லிக்கொடுத்தவர் அவர்தான். ஒரு வெள்ளிக்கிழமை சிலுவைப்பாதைக்கு அத்தை தங்கச்சியை இழுத்துக்கொண்டு போனாள். கோயில் வாசலில் தீர்த்தத் தொட்டி இருக்கும் அல்லவா, பழைய கல் தொட்டி, விளிம்பில் ஒரு பக்கம் உடைந்தது. தங்கச்சி அத்தை கையை உதறிக்கொண்டு பெஞ்சுமேல் ஏறி, அந்தத் தொட்டிக்குள் முகத்தைக் கவிழ்த்தாள்.

சனங்கள் பாட்டை நிறுத்திவிட்டார்கள். அத்தை முடியைப் பிடித்துத் தூக்கினாள். உபதேசியார் வந்தார். தீர்த்தத்தில் விரலை நனைத்து அவள் நெற்றியில் சிலுவை போட்டார். நீர் நெற்றியிலிருந்து மூக்குத்தண்டு வழியாக இறங்கியது. மூக்கு நுனிக்கு வந்ததுதான் தாமதம், தங்கச்சி இரண்டு கையாலும் மூக்கைப் பிறாண்டிக்கொண்டு அலறினாள். ரத்தம் வந்தது.

"உள்ள இருக்கு! அது நகருது!"

உபதேசியார் அவள் முன்னால் குனிந்தார். "யாரு உள்ள இருக்கா? பேரைச் சொல்லு!" என்று விரலை அவள் முகத்துக்கு நேரே நீட்டினார்.

தங்கச்சி அந்த விரலைக் கடித்துவிட்டாள்.

அதோடு தீர்ந்தது. பசாசு தன் வாயாலேயே சொல்லிவிட்டது, தீர்த்தம் பட்டதும் அலறியது, உபதேசியாரையே கடித்தது. இதற்குமேல் என்ன சாட்சி வேண்டும்? கிழக்கே தூரத்தில் இருந்த ஓர் அந்தோணியார் கோயிலுக்குக் கொண்டுபோய் விட்டுவிடுவது என்று முடிவானது. அங்கே இப்படிப்பட்டவர்களைக் காலில் சங்கிலி போட்டுத் தூணில் கட்டிவைப்பார்கள். பசாசு போகிற வரைக்கும் இருக்க வேண்டும். அத்தை கூடவே தங்குவதாகச் சொன்னாள். சில பேர் வருடக்கணக்கில் இருப்பார்கள் என்று ஊரில் பேசிக்கொண்டார்கள். நாலு வயதுப் பிள்ளையின் காலுக்கு எந்தச் சங்கிலி அளவாக இருக்கும் என்று நான் யோசித்துக்கொண்டே இருந்தேன். கொலுசுகூட அவளுக்குப் பெரிதாக இருந்து கழன்று விழும்.

புறப்பட வேண்டிய நாளுக்கு முந்தின நாள் காலையில், மறுபடி பட்டிக்குப் போயிருந்த அய்யா மலையிலிருந்து இறங்கினார். நாயும் வந்தது. வந்ததும் அது என்னிடம் வாலாட்டவில்லை. தலையைச் சாய்த்து உதறியது. முன்னங்காலால் மூக்கைத் தேய்த்தது. தும்மியது, தரையில் ரத்தம் தெறித்தது. பிறகு நேராகக் கழுநீர்த் தாழிக்குப் போய் முகத்தை அதன்மேல் கவிழ்த்துக்கொண்டு நின்றது. குடிக்கவில்லை, சும்மா நின்றது.

"என்னலே, நாய்க்கும் பிடிச்சிருச்சா?" என்றாள் அத்தை.

"அட போக்கா. அட்டை ஏறியிருக்கு. சுனையில தண்ணி வத்தினா இப்பிடித்தான், குடிக்கையில பொடி அட்டையா மூக்குக்குள்ள போயி அங்கனயே இருந்து பெருத்துரும்" என்றார் அய்யா. அவர் குரலில் ஒரு பதற்றமும் இல்லை.

நாயை வெயிலில் கட்டினார். பொழுது சாயும் வரை ஒரு சொட்டுத் தண்ணீர் காட்டவில்லை. பிறகு வீட்டிலிருந்த உருளியை எடுத்து வரச் சொன்னார். அந்த உருளி மலையாளத்துப் பக்கம் மாடு விற்கப் போனபோது எங்கள் தாத்தா வாங்கி வந்தது. வாய் அகன்ற வெண்கலம், ஒரு பக்கத்து வளையம் போய்விட்டது. அதில் தண்ணீர் ஊற்றி நாயின் மூக்குக்குக் கீழே வைத்தார். விரலில் சாம்பலைத் தொட்டுக்கொண்டு குந்தி உட்கார்ந்தார். சற்று நேரத்தில் நாயின் மூக்குத் துளையிலிருந்து கறுப்பாக ஒன்று தண்ணீரைத் தேடி நீண்டது. உள்ளே போனது. மறுபடி நீண்டது. அய்யா சட்டென்று பிடித்து இழுத்துச் சாம்பலில் போட்டார். நாய் ஒரு தும்மல் போட்டு, அய்யா முழங்கையை நக்கியது.

நான் பார்த்துக்கொண்டே நின்றேன். தலையைச் சாய்த்து உதறியது, மூக்கைத் தேய்த்தது, தாழிமேல் முகத்தைக் கவிழ்த்தது, எல்லாம் எனக்குத் தெரிந்தவைதான். ஒரு மாதமாகப் பார்த்துக்கொண்டிருப்பவை. பாறைமேல் குப்புறப் படுத்த தங்கச்சியின் முதுகும், பக்கத்தில் நாயின் முதுகும் அப்படியே கண்முன் வந்தன.

அம்மாவிடம்தான் முதலில் ஓடினேன். மூச்சு வாங்கச் சொன்னேன். அம்மா தம்பியைப் பாயில் கிடத்திவிட்டு எழுந்து உட்கார்ந்தாள்.

"குப்புறப் படுத்தா குடிச்சா? நெசமா நீ பாத்தியா?"

"பாத்தேன்மா."

"அய்யாட்ட போய்ச் சொல்லுத்தா."

"நீ சொல்லும்மா."

"நான் பாக்கலையே. நீதான பாத்த? நான் சொன்னா பெத்தவ பிள்ளைய அனுப்ப மனசில்லாமப் பேசுறான்னு உங்கத்தை வாய அடச்சுருவாக. பாத்தவ சொன்னாத்தான் நிக்கும்."

வாசலில் அத்தை, உபதேசியார், வண்டிக்காரர் என்று ஒரு கூட்டமே இருந்தது. நான் நிலைப்படி வரை போய்த் திரும்பி வந்தேன். மறுபடி போனேன், திரும்பி வந்தேன். அம்மா என்னைத் திட்டவில்லை. "சரி, விடிஞ்சு சொல்லு. அதுவரைக்கும் இவளக் காயப் போடுவோம், உங்கய்யா நாயக் காயப் போட்ட மாதிரி" என்றாள். தங்கச்சியைத் தன்னோடு அறைக்குள் வைத்துத் தாழ் போட்டுக்கொண்டாள். வறுத்த மொச்சை கொடுத்தாள், தண்ணீர் கொடுக்கவில்லை. தங்கச்சி தண்ணீர் கேட்டு அழுதாள். அம்மாவும் அழுதுகொண்டே, "கொஞ்சம் பொறுத்துக்கோத்தா, என் தங்கமே" என்றாள். வெளியே அத்தை, "கோயிலுக்குப் போகணும்னதும் பசாசு எம்புட்டுக் கத்துது பாருங்க" என்று எல்லோருக்கும் சொல்லிக்கொண்டிருந்தாள்.

வண்டி நாங்கள் நினைத்ததைவிடச் சீக்கிரம் வந்துவிட்டது. வெயில் ஏறுவதற்குள் ஊரைத் தாண்ட வேண்டுமாம். அத்தை அறைக்குள் வந்து தங்கச்சியைத் தூக்கி வண்டியில் வைக்கோல்மேல் உட்கார வைத்துவிட்டாள். உபதேசியார் வழிக்கு ஆகட்டும் என்று தீர்த்தக் குப்பி ஒன்று கொண்டு வந்திருந்தார். நீங்கள் எல்லாம் சுவர்மேல் இருந்தீர்கள். வண்டிக்காரர் மூக்கணாங்கயிற்றைச் சுண்டினார்.

நான் போய் வண்டிச் சக்கரத்தின் ஆரக்காலைப் பிடித்துக்கொண்டேன்.

"அய்யா" என்றேன். குரல் வரவில்லை. மறுபடி, "அய்யா, இவளுக்கு அட்டை" என்றேன்.

"என்னத்தா?"

"நாய்க்கு ஏறுன மாதிரி இவளுக்கும் ஏறியிருக்கு."

அத்தை கையைத் தட்டினாள். "அடியே, ஊமைக்கு வாய் வந்திருச்சு! எல்லாரும் வந்து கேளுங்க."

அய்யா சிரிக்கவில்லை. ஆனால் நம்பவும் இல்லை. "நாய் சுனையில வாய வச்சுக் குடிக்கும்த்தா. நீங்க ரெண்டு பேரும் சுரைக்குடுக்கையிலதான குடிச்சீக? வடிகட்டித்தான வச்சிருந்தேன்?"

"நான் குடுக்கையில குடிச்சேன். அவ சுனையில குடிச்சா. குப்புறப் படுத்து, நாய்க்குப் பக்கத்துல, மூக்கு முங்கக் குடிச்சா. நான் பாத்தேன்."

என் வாழ்நாளில் ஒரே மூச்சில் நான் பேசிய பெரிய பேச்சு அதுவாகத்தான் இருக்கும். அய்யா வண்டியில் இருந்த தங்கச்சியைப் பார்த்தார். அவள் தலையைச் சாய்த்து ஒரு தடவை உதறினாள். முந்தின நாள் நாய் உதறிய அதே உதறல். அய்யா அத்தை பக்கம் திரும்பினார்.

"ஏக்கா, அந்த உருளிய எடு."

"என்னலே பேசுற? கூறு கெட்ட பிள்ள பேச்சக் கேட்டுக்கிட்டு... தண்ணியப் பாத்தா உள்ள இருக்கிறது வெறி பிடிச்சு ஆடும். வண்டியவே கவுத்திரும்! ஓதேசியாரே, நீங்க சொல்லுங்க."

உபதேசியார் தம் விரலைப் பார்த்தார். கடித்த இடத்தில் இன்னும் துணி சுற்றியிருந்தது. அவர் ஏதோ சொல்ல வாயெடுக்குமுன், எனக்கு எங்கிருந்துதான் தைரியம் வந்ததோ, "வெறும் தண்ணி வேண்டாம். நீங்க வச்சிருக்க தீர்த்தத்தையே ஊத்துங்க" என்றேன்.

அதை யாரும் மறுக்க முடியவில்லை. பசாசு என்றால் தீர்த்தம் அதைக் காட்டிக்கொடுக்கும். அட்டை என்றால் அட்டைக்குத் தீர்த்தமும் தண்ணீர்தான். உபதேசியார் என் பக்கம் திரும்பினார். "மந்திரம் சொல்லச் சொன்னா வாயத் தொறக்க மாட்டா. இப்பப் பாரேன்" என்றார். குப்பியின் தக்கையைத் திறந்து தாமே உருளியில் ஊற்றினார். அடி நனைந்ததோடு சரி. அம்மா உள்ளேயிருந்து ஒரு செம்புத் தண்ணீர் கொண்டு வந்து அதோடு சேர்த்தாள். பச்சைப்பிள்ளைக்காரி வாசலுக்கு வரக்கூடாது என்று அன்றைக்கு ஒருவரும் சொல்லவில்லை.

அய்யா தங்கச்சியை இறக்கி உருளிக்கு முன்னால் விட்டார். அவளை யாரும் பிடிக்கவில்லை. அடிக்கவில்லை. அவள் ஒரு தடவை எல்லோர் முகத்தையும் நிமிர்ந்து பார்த்தாள், அடி எங்கிருந்து வரும் என்று பார்ப்பது போல. பிறகு மெதுவாக முழங்காலிட்டு முகத்தை உருளிமேல் கவிழ்த்தாள். அப்படியே அசையாமல் இருந்தாள். ஒரு மாதமாக அலறிய பிள்ளை மூச்சுவிடும் சத்தம்கூடக் கேட்காமல் இருந்தாள். சுவர்மேல் இருந்த நீங்கள் கழுத்தை நீட்டினீர்கள்.

வந்தது. முதலில் துளையின் ஓரத்தில் ஒரு மினுமினுப்பு. பிறகு கறுப்பு நுனி. தண்ணீரை நோக்கி நீண்டு, ஆடி, சுருங்கி உள்ளே போனது. அத்தை, "சேசுவே!" என்றாள். மறுபடி நீண்டது, இந்தத் தடவை இன்னும் கீழே. தங்கச்சியின் கை மெல்ல மேலே வந்தது. அய்யா, "நீ விடுத்தா, நான் பிடிக்கிறேன்" என்று காதோடு சொன்னார். சாம்பல் தொட்ட விரல் பாய்ந்தது. அறுந்துவிடாமல் கொஞ்சம் கொஞ்சமாக இழுத்தார். என் நடுவிரல் நீளம் இருந்தது. தரையில் போட்டதும் சாம்பலில் புரண்டு சுருண்டது.

தங்கச்சி பலமாகத் தும்மினாள். கொஞ்சம் ரத்தம் வந்து நின்றது. மூக்கைத் தொட்டுப் பார்த்தாள். இந்தத் துளையை அடைத்து மூச்சு விட்டாள், அந்தத் துளையை அடைத்து மூச்சு விட்டாள்.

"போயிருச்சு" என்றாள்.

பிறகு அம்மாவைப் பார்த்து, "தண்ணி" என்றாள். அம்மா செம்பைக் கொடுத்தாள். அவள் அண்ணாந்து, ஒரு சொட்டுக்கூடச் சிந்தாமல், மடக்கு மடக்கென்று குடித்த சத்தம் இன்னும் என் காதில் இருக்கிறது. அப்போதுதான் நீங்கள் கத்தினீர்கள். பாஸ்குத் திருநாளுக்குக்கூட நம் ஊரில் அப்படி ஒரு சத்தம் எழுந்ததில்லை.

அத்தை தரையில் விழுந்து கும்பிட்டாள். "மாதாவே! தீர்த்தம் பட்டதும் பசாசு அட்டையா வந்திருச்சே!"

அம்மா வாழ்க்கைப்பட்டு வந்த நாளிலிருந்து அத்தையை எதிர்த்து ஒரு சொல் பேசியதில்லை. அன்றைக்குத்தான் பேசினாள். "அப்ப நேத்து நாய்க்குள்ள இருந்தது எந்தப் பசாசு மதினி? நாயும் படையச்சோறு தின்னுச்சாக்கும்?"

முதலில் சிரித்தது உபதேசியார்தான். சிரித்துச் சிரித்து மூக்குப்பொடி மட்டையைக் கீழே போட்டுவிட்டார். அய்யா மட்டும் சிரிக்கவில்லை. தங்கச்சியைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டு, அவள் முதுகைத் தடவியபடியே இருந்தார். "நாய்னா மூக்கப் பாத்தேன்" என்றார்.

வண்டிக்காரர் மாட்டை அவிழ்க்கப் போனார். "அவுக்காதய்யா" என்றார் அய்யா. "ஆத்துக்கு விடு. என் பிள்ள குளிச்சு ஒரு மாசமாச்சு." அவர் என்னைத் தூக்கி நுகத்தடிக்குப் பக்கத்தில், வண்டிக்காரர் உட்காரும் இடத்தில், தமக்கு முன்னால் உட்கார வைத்துக்கொண்டார். நீங்களும் சுவரிலிருந்து குதித்து ஓடி வந்து ஏறிக்கொண்டீர்கள். பங்குனி மாதத்து ஆறு, முழங்கால் அளவுத் தண்ணீர்தான். அதில் தங்கச்சி குப்புற விழுந்து எழுந்து, விழுந்து எழுந்து, மூக்கைச் சிந்திச் சிரித்தது யாருக்கு மறக்கும்? நாய் கரையில் நின்று குரைத்துக்கொண்டே இருந்தது.

அவள் பெரியவளாகி, மாப்பிள்ளை வீட்டுக்குப் போன பிறகு ஒருநாள் இதைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தோம். எதற்கு எந்நேரமும் தண்ணீர்ப் பானைக்கு ஓடினாய் என்று கேட்டேன். அவளுக்கு அது மட்டும் நன்றாக நினைவிருந்தது.

"தண்ணிக்கு மேல மூக்க வச்சா அது கீழ வரும்க்கா. வந்ததும் பிடிச்சிரலாம்னு பாப்பேன். கை போறதுக்குள்ள யாராவது முதுகுல ஒண்ணு வச்சிருவீக. அது மேல ஓடிரும்."

நாங்கள் எதை அடங்காத்தனம் என்று சொன்னோமோ, அது அவள் தனக்குத் தானே பார்த்துக்கொண்ட வைத்தியம். வீட்டில் இருந்த பெரியவர்கள் எல்லோரையும்விட அந்த நாலு வயதுப் பிள்ளைக்குத் தன் நோய் தெரிந்திருந்தது. சொல்லியும் பார்த்தாள். "உள்ள இருக்கு, அது நகருது" என்பதைவிடத் தெளிவாக ஒரு பிள்ளை எப்படிச் சொல்லும்?

உருளி இப்போது இல்லை. கோயிலுக்குப் புது மணி வார்க்க வெண்கலம் கேட்டபோது அத்தை அதைத் தூக்கிக் கொடுத்துவிட்டாள். தீர்த்தம் பட்ட பாத்திரம், கோயிலுக்குத்தான் போக வேண்டும் என்றாள். சாகும் வரை தீர்த்தத்தால்தான் அட்டை வெளியே வந்தது என்று சொல்லிக்கொண்டிருந்தாள். நானும் மறுக்கவில்லை.

ஆனால் இன்னொன்றையும் சொல்ல வேண்டும். சில வருடங்கள் கழித்து, வேறு தெருவில் ஒரு பையன் எதைக் கொடுத்தாலும் வீசி எறிந்து, எந்நேரமும் கன்னத்தில் அறைந்துகொண்டு அழுதான். அவனுக்கும் பசாசு பிடித்திருக்கிறது என்று அவன் அப்பன் அத்தையிடம் சொல்லி அந்தோணியார் கோயிலுக்கு வண்டி பேச எங்கள் வீட்டுக்கு வந்தான். நாங்கள் முற்றத்தில் அவரைக்காய் உரித்துக்கொண்டிருந்தோம். அத்தை கையில் இருந்த காயைக் கீழே வைக்காமலே நிமிர்ந்தாள்.

"மூக்கப் பாத்தீகளா?"

"இல்லத்தே..."

"காது?"

"இல்ல."

"வாயி, பல்லு?"

"அதுவும் பாக்கல."

"ஒண்ணையும் பாக்காம வண்டி பேச வந்துட்டான் பாரு, பெரிய மனுசன்!" என்று அத்தை முறத்தைத் தள்ளிவிட்டு எழுந்தாள். "ஏத்தா மூத்தவளே, வெளக்கப் பொருத்தி எடுத்துக்கிட்டு வா. நீ முன்னால நட."

நான் முன்னால் நடந்தேன்.